வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டிஷ் காலக் கப்பல் பதிவேடும் கடல் அதிகாரிகளின் சான்றிதழும்

சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர், அக்காலத்தில் ஒரு கப்பல் எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது, அதன் தகுதியை யார் சோதித்தார்கள், அதைச் செலுத்தியவர்களுக்கு யார் சான்று அளித்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வ.உ.சி. வாங்கி வந்த காலியா, லாவோ ஆகிய கப்பல்கள் சட்டப்படி எந்தக் கொடியைப் பறக்கவிட முடிந்திருக்கும்? ஆங்கிலேயரை எதிர்த்து விட்ட கப்பலில் ஆங்கிலேயர் கொடியா? (தூத்துக்குடி வாசகர்)

ஆம், சட்டம் வேறு வழி வைக்கவில்லை. இந்தியக் கொடி என்றோ இந்தியக் கப்பல் என்றோ ஒரு தகுதி அன்று சட்டப் புத்தகத்தில் கிடையாது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்தின்படி, மன்னரின் குடிமக்களோ, மன்னரின் ஆட்சிப் பகுதி ஒன்றின் சட்டப்படி அமைக்கப்பட்டு அங்கேயே தலைமையிடத்தையும் கொண்ட நிறுவனமோ முழுமையாக உடைமை கொண்டிருக்கும் கப்பல் மட்டுமே பிரிட்டிஷ் கப்பல். சுதேசிக் கப்பல் நிறுவனம் 1906 அக்டோபர் 16ஆம் நாள், 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்கீழ், பத்து லட்ச ரூபாய் மூலதனத்துடன், ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பதிவு செய்யப்பட்டது. ஆசியர்கள் மட்டுமே பங்குதாரர்களாக இருக்கலாம் என்று அது விதி வைத்துக்கொண்டதும் பதிவுக்குத் தடையாகாது. கப்பலுக்கு உடைமையாளர் நிறுவனம்தானே ஒழியப் பங்குதாரர்கள் அல்லர். நிறுவனமோ பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டத்தில் பிறந்தது. கப்பல் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டது என்பதும் தடையில்லை. வெளிநாட்டில் கட்டிய கப்பல்களைப் பிரிட்டிஷ் பதிவேட்டில் சேர்க்க இருந்த தடை, 1849இல் பழைய கடல்வழிச் சட்டங்கள் நீக்கப்பட்டபோதே தளர்ந்துவிட்டது.

எனவே அக்காலத்தில் இந்தியர் ஒருவர் வாங்கிய கப்பலின் பின்புறத்தில், சட்டம் குறிப்பிட்ட சிவப்புக் கொடியே வணிகக் கப்பலுக்கு உரிய கொடி. நிறுவனத்துக்கென்று தனிக்கொடி ஒன்றைப் பாய்மரத்தில் ஏற்றிக்கொள்வது வேறு செய்தி. அதற்கும் நாட்டுரிமைக்கும் தொடர்பில்லை.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கப்பலை உடைமை கொள்ளும் உரிமையில் அன்றைய சட்டம் இந்தியருக்கும் ஆங்கிலேயருக்கும் வேற்றுமை பாராட்டவில்லை. வேற்றுமையெல்லாம் அதற்கடுத்த படிகளில் இருந்தது: கப்பலில் யார் எந்தப் பதவியில் நிற்பது, யாருக்கு எத்தனை அடி இடம், யாருடைய சான்றிதழ் எங்கே செல்லும் என்பவற்றில். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கின்றன.

கேள்வி: பதிவு செய்யும்போது அதிகாரிகள் எதைப் பார்த்தார்கள்? கப்பல் உறுதியாக இருக்கிறதா என்று சோதித்தார்களா? (சென்னை, இராயபுரம் வாசகர்)

பதிவு என்பது உறுதிச் சான்று என்று பலரும் எண்ணுகிறார்கள், அது அப்படியன்று. பதிவேடு சொன்னவை மூன்றே: இந்தக் கப்பல் எது, இது யாருக்குச் சொந்தம், இதன் கொள்ளளவு என்ன.

பிரிட்டனின் துறைமுகங்களில் சுங்கத்துறையின் தலைமை அதிகாரியே கப்பல் பதிவாளர். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்றுக்கும் மட்டும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் தனி விதி செய்து, துறைமுக அதிகாரியைப் பதிவாளராக்கியது. பதிவுக்கு விண்ணப்பம் வந்தவுடன் அளவையாளர் ஒருவர் கப்பலுக்குள் இறங்கி, அதன் உள்வெளியை நாடாவால் அளப்பார். நூறு கன அடி ஒரு டன். இது எடைக் கணக்கு அன்று, இடக் கணக்கு. 1854இல் மூர்சம் என்பவரின் முறை சட்டமானது முதல் இதுவே வழக்கம். மொத்த இடத்திலிருந்து எந்திர அறை, மாலுமிகள் தங்குமிடம் போன்றவற்றைக் கழித்து எஞ்சுவதே பதிவு டன். துறைமுகக் கட்டணமும் கலங்கரை விளக்கக் கட்டணமும் பெரும்பாலும் இந்த எண்ணின்மீதே விதிக்கப்பட்டதால், அதை எப்படியாவது குறைத்துக் காட்டும் வகையில் கப்பலை வடிவமைப்பதிலேயே சில கட்டுநர்கள் தம் அறிவையெல்லாம் செலவிட்டார்கள்.

அளவு முடிந்ததும் பதிவாளர் ஒரு செதுக்கல் குறிப்பைக் கொடுப்பார். அதைப் பெற்ற உரிமையாளர், கப்பலின் முன்புறத்தின் இரு பக்கங்களிலும் அதன் பெயரையும், பின்புறத்தில் பெயருடன் பதிவுத் துறைமுகத்தின் பெயரையும், நான்கு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் பொறிக்க வேண்டும். முதன்மை உத்தரத்தில் கப்பலின் அரசு எண்ணையும் பதிவு டன்னையும், வண்ணம் பூசினாலும் மறையாத அளவுக்கு ஆழமாக வெட்ட வேண்டும். கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அடிக்கணக்கை முன் நுனியிலும் பின் நுனியிலும் எழுத வேண்டும். இவை செய்யப்பட்டதை அளவையாளர் நேரில் கண்டு கையொப்பமிட்ட பிறகே பதிவேட்டில் பெயர் ஏறும். பெயரை மாற்றலாம், உரிமையாளர் மாறலாம். அந்த அரசு எண் மட்டும் கப்பலின் இறுதிவரை மாறாது. பழைய கப்பல்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு அலைவதைவிட எண்ணைப் பிடிப்பதே நல்லது.

கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கணவன் இறந்தால் மனைவிக்கும் மகனுக்கும் இத்தனை பங்கு, வணிகர் ஒருவருக்கு அடகாக இத்தனை பங்கு என்றெல்லாம் பதிவேட்டுப் பக்கங்களில் காணலாம். பதிவுச் சான்றிதழ் கப்பல் தலைவரின் கையில் இருக்கும். கடனுக்காகவோ வழக்குக்காகவோ அதை யாரும் பிடித்து வைக்கக் கூடாது. கப்பலைச் சட்டப்படி செலுத்துவதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும் என்பது தனி விதி.

உறுதியைச் சோதித்தவர்கள் வேறு. பயணிகளை ஏற்றும் நீராவிக் கப்பல்களை அளவையாளர்கள் தனியே பார்வையிட்டுச் சான்றளிக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் நீராவிக் கப்பல் சட்டம் இருந்தது. லாயிட்ஸ் பதிவேடு என்பதை அரசுப் பதிவேடு என்று கருதுவோரும் உண்டு. அது கப்பல்களை அவற்றின் கட்டுமானத் தரத்துக்கேற்ப வகைப்படுத்திய தனியார் சங்கம். காப்பீட்டாளர்களும் சரக்கு வணிகர்களும் அதன் பட்டியலைப் பார்த்தே கப்பலை நம்பினார்கள்.

கேள்வி: கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்று இந்தியாவின் பெயரால் அமைந்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (நாகப்பட்டினம் வாசகர்)

உண்மை. ஆனால் இன்றைய கப்பல்களில் அதைக் காண முடியாது.

அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, காப்பீட்டுப் பணத்தை நம்பிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பும் வழக்கத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கப்பலிலும் சுமைக்கோடு வரைவதைக் கட்டாயமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், கோடு வரைய வேண்டும் என்று சொன்ன சட்டம் அதை எந்த உயரத்தில் வரைய வேண்டும் என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டது. கார்டிஃப் நகரக் கப்பல் தலைவர் ஒருவர் தம் கப்பலின் புகைபோக்கியிலேயே அதை வரைந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1890இல்தான் கோட்டின் இடத்தை அரசின் வர்த்தக வாரியம் வகுத்த அட்டவணைப்படி தீர்மானிக்க வேண்டும் என்று ஆயிற்று.

வட்டத்தின் அருகில் வரைந்த சிறு கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கோ நீர்வகைக்கோ உரியவை. நன்னீருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்துக்குத் தனியே ஒன்று. இவற்றோடு இந்தியக் கோடை என்றும் ஒரு கோடு இருந்தது. சூயசுக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட இந்தியக் கடல்களில், பருவக்காற்றின் கொந்தளிப்பு இல்லாத மாதங்களில் செல்லும் கப்பல், வழக்கமான கோடைக் கோட்டுக்கும் சற்று மேலே நீர்மட்டம் வரும் வரை சரக்கேற்றலாம் என்பது அதன் பொருள். நம் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் கூடுதல் அரிசி மூட்டைகள் ஏறின என்று கொள்ளலாம். 1930இல் இலண்டனில் நிறைவேறிய பன்னாட்டுச் சுமைக்கோட்டு உடன்படிக்கைக்குப் பின் அதன் இடத்தை வெப்பமண்டலக் கோடு பிடித்தது.

காலனி ஒன்று தனக்கென்று சுமைக்கோட்டு விதிகள் செய்துகொள்ள விரும்பினால் அதற்கும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அந்த விதிகள் பிரிட்டனின் விதிகளுக்கு இணையான பயன் தருவன என்று இலண்டன் ஏற்றுக்கொண்டால், அங்கே பொறித்த கோடு எல்லாத் துறைமுகங்களிலும் செல்லும். காலனி விதி எழுதலாம்; அது தேறியதா இல்லையா என்று மதிப்பெண் போடுவது இலண்டன். அதிகாரிகளின் தேர்விலும் இதே ஏற்பாடுதான்.

கேள்வி: கப்பல் தலைவர்களுக்கும் மேட்டுகளுக்கும் (தலைவருக்கு அடுத்த நிலை அதிகாரிகளுக்கும்) தேர்வு எப்போது வந்தது? இந்தியாவில் எழுதிய தேர்வுக்கு வெளியே மதிப்பு இருந்ததா? (கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை, உரிமையாளர் ஒருவர் விரும்பினால் யாரையும் கப்பல் தலைவராக்கலாம். கப்பல்கள் உடைந்து மூழ்குவதற்கான காரணங்களை ஆராய 1836இல் அமைந்த நாடாளுமன்றக் குழு, கட்டுமானக் குறையோடு தலைவர்களின் அறியாமையையும் குடிப்பழக்கத்தையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகும் கப்பல் முதலாளிகளின் எதிர்ப்பால் காலம் கடந்து, 1845இல் விருப்பத் தேர்வும், 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களுக்கும் மேட்டுகளுக்கும் கட்டாயத் தேர்வும் வந்தன. எந்திரப் பொறியாளர்களுக்கு 1862 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களைத் தேர்வுக்கு உட்காரச் சொன்னால் துறைமுகங்கள் வெறிச்சோடும் என்பதால், அவர்களுக்குத் தேர்வின்றிப் பணிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. புதியவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ். இரண்டாம் மேட்டுத் தேர்வுக்குக் குறைந்தது 17 வயதும் நான்கு ஆண்டுக் கடல் பணியும் வேண்டும். தலைவர் தேர்வுக்கு 21 வயதும் ஆறு ஆண்டுப் பணியும் வேண்டும். கணக்கு, விண்மீன் கொண்டு இடம் காணல் ஆகியவை எழுத்தில். புயலில் பாய் சுருட்டுவது, நங்கூரம் அறுந்தால் செய்வது, எதிரே வரும் கப்பலின் விளக்கைக் கண்டு விலகுவது ஆகியவை தேர்வாளர்முன் வாய்மொழியில். விளக்கின் நிறத்தைத் தவறாகக் காண்பவரைத் தேர்விலேயே பிடிக்க வேண்டும் என்பதால், 1890களில் மாணவர்முன் பல நிறக் கம்பளி நூல்களைக் குவித்து, ஒரு நூலைக் காட்டி அதன் இனத்தைச் சேர்ந்தவற்றை எடுக்கச் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் கம்பளியைப் பிரிக்கத் தெரிந்தவர் இரவில் இரண்டு மைல் தொலைவில் ஆடும் விளக்கை அறிவாரா என்று கடலோடிகளே கேட்டார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு விளக்கைக் கொண்டே சோதிக்கத் தொடங்கினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை 1869ஆம் ஆண்டின் காலனிகளுக்கான கப்பல் சட்டத்தில் இருக்கிறது. காலனி ஒன்றின் சட்டமன்றம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கலாம். அத்தேர்வு பிரிட்டனின் தேர்வுக்கு இணையான தரத்தில் நடக்கிறது என்று வர்த்தக வாரியம் அறிக்கை தந்தால், அரசியின் ஆலோசனைக் குழு ஆணையின் மூலம் அச்சான்றிதழ் பிரிட்டிஷ் சான்றிதழுக்கு நிகரானதாக அறிவிக்கப்படும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, கனடா, நியூசிலாந்து, வங்காளம், பம்பாய், ஹாங்காங் ஆகியவை இவ்வாறு ஏற்பைப் பெற்றன. ஆகவே கல்கத்தாவில் தேறியவர் தம் சான்றிதழைக் காட்டி இலிவர்ப்பூலில் வேலைக்குச் சேரலாம் என்பதே சட்டத்தின் நிலை.

ஆனால் கல்கத்தாவில் அத்தேர்வை எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவுக்கு வந்து கப்பலில் சேர்ந்த ஐரோப்பியர்களே. காரணம் தேர்வு அறையில் இல்லை. தேர்வு எழுதத் தேவையான நான்கு ஆண்டுப் பயிற்சியைத் தரவேண்டியவை கப்பல் நிறுவனங்கள். இந்திய இளைஞரை அதிகாரிப் பயிற்சியாளராகச் சேர்க்க அவை முன்வரவில்லை. இனத்தின் பெயரைச் சொல்லாமலே கதவை அடைக்க, பணிக்காலம் வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதுமானதாயிருந்தது. தகுதித் தேர்வுகளைப் பற்றிப் பேசும்போது வினாத்தாளை மட்டும் பார்த்து அது நடுநிலையானது என்று சொல்லிவிடுகிறவர்கள் இந்த வரலாற்றைச் சற்றுப் படிக்கலாம்.

கேள்வி: காலனியில் பதிவான கப்பலில் அதிகாரிகள் தவறு செய்தால் யார் விசாரித்தார்கள்? சான்றிதழைப் பறித்த நிகழ்ச்சி ஏதேனும் உண்டா? (பினாங்கு வாசகர்)

உங்கள் ஊரைத் தொட்டுச் சென்ற ஒரு கப்பலின் கதையே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

ஜெத்தா என்ற நீராவிக் கப்பல் 1872இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில், ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே கட்டப்பட்டது. அதன் பதிவுத் துறைமுகம் சிங்கப்பூர். உரிமையாளர்கள் அங்கிருந்த அரபு வணிகக் குடும்பமான அல்சகாப் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தலைவரும் மேட்டுகளும் பிரிட்டிஷ் சான்றிதழ் பெற்ற ஆங்கிலேயர்கள். 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கில் மேலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளுடன் அது ஜெத்தா நகரை நோக்கிச் சென்றது. பருவக்காற்றின் கொந்தளிப்பில் கொதிகலன்கள் தம் இருக்கையிலிருந்து பெயர்ந்து ஆடின. குழாய்கள் உடைந்து கப்பலுக்குள் நீர் புகுந்தது. பயணிகள் நாட்கணக்கில் நீரை இறைத்தார்கள்.

ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள குவார்டபூய் முனைக்கு அப்பால், ஆகஸ்ட் 8ஆம் நாள் அதிகாலை இருட்டில், கப்பல் தலைவர் ஜோசப் லூகாஸ் கிளார்க், அவருடைய மனைவி, முதல் மேட் ஆஸ்டின் வில்லியம்ஸ், தலைமைப் பொறியாளர் ஆகியோரும் வேறு சிலரும் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களைக் கண்டெடுத்த மற்றொரு கப்பல் ஏடனில் இறக்கியது. ஜெத்தா பயணிகளுடன் மூழ்கிவிட்டது என்றும், பயணிகள் அதிகாரிகளைக் கொல்ல முனைந்தார்கள் என்றும் அவர்கள் அங்கே சொன்னார்கள். செய்தி தந்தியில் இலண்டனுக்குப் போயிற்று. மறுநாள், ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஆன்டினோர் என்ற கப்பல் ஜெத்தாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகத்துக்குள் வந்தது. பயணிகளில் மிகப் பெரும்பாலோர் உயிருடன் இருந்தார்கள். ஆன்டினோரின் முதல் மேட் ஏறி வந்து, அதே பயணிகளைக் கொண்டே நீரை இறைத்துக் கப்பலை மிதக்க வைத்திருந்தார்.

ஏடன் அன்று பம்பாய் மாகாண ஆட்சியில் இருந்தது. சிங்கப்பூரில் பதிவான கப்பலாயினும், பிரிட்டிஷ் கப்பல் என்பதால் ஏடனிலேயே விசாரணை மன்றம் அமைந்தது. பதிவேட்டின் உண்மையான வலிமை இங்கேதான் தெரிகிறது: கப்பல் எந்தப் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்தாலும், அங்கிருக்கும் மன்றம் அதன் அதிகாரியின் சான்றிதழில் கை வைக்கலாம். மன்றம் தலைவரின் நடத்தையைக் கண்டித்து, அவருடைய சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. முதல் மேட்டின் செயலையும் கடுமையாகச் சாடியது. ஆனால் அவர் சான்றிதழ் அவரிடமே இருந்தது. பிற்காலத்தில் அவர் சிங்கப்பூரில், கப்பல்களுக்குப் பொருள் வழங்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார்.

தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரை நடுக்கடலில் விட்டுச் சென்றதற்கு மூன்றாண்டு என்பது அப்போதே பலருக்குக் குறைவாகத் தோன்றியது. இன்று படிப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். எனினும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அத்தனை பேருக்கும் போதுமான படகுகள் அக்கப்பலில் இல்லை. அது விதிமீறலும் அன்று. எத்தனை படகு வேண்டும் என்பதைச் சட்டம் ஏறியவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், கப்பலின் டன்னைக் கொண்டே கணக்கிட்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோதும் அதே அடிப்படைதான் நடப்பில் இருந்தது. அதன் பிறகே ஆளுக்கோர் இடம் என்ற கொள்கை வந்தது. ஹஜ் பயணிகளின் கப்பலில் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட குறை அது.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் கப்பல்களில் சாரங்காக இருந்தவர். நாற்பது பேரை மேய்த்தவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு ஏன் அவர் அதிகாரியாகக் கருதப்படவில்லை? (கீழக்கரை வாசகர்)

சாரங்கு இல்லாமல் அக்காலத்துப் பிரிட்டிஷ் கப்பல் நகர்ந்திருக்காது. ஆட்களைத் திரட்டுவது, அவர்களுக்குள் வழக்குத் தீர்ப்பது, மேட்டின் கட்டளையை அவர்கள் மொழியில் சொல்லி வேலையை முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே துணை மேற்பார்வையாளர்களான தண்டையல்கள், அவர்களுக்குக் கீழே சாதாரண மாலுமிகளான கலாசிகள். ஆயினும் ஒப்பந்தத் தாளில் அவர் லஸ்கர், அதாவது இந்திய மாலுமி, பட்டியலிலேயே இருந்தார்.

அந்தப் பட்டியலுக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. 1823ஆம் ஆண்டுச் சட்டம், லஸ்கர்களும் பிற ஆசிய மாலுமிகளும் மன்னரின் ஆட்சிப் பகுதியிலேயே பிறந்திருந்தாலும் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது. அவர்களுக்கென்று தனி ஒப்பந்தம், குறைந்த கூலி, தனி உணவுப் பட்டியல். தங்குமிடத்தைப் பாருங்கள்: பிரிட்டிஷ் சட்டம் மாலுமி ஒருவருக்கு 72 கன அடி கேட்டபோது, இந்தியச் சட்டம் லஸ்கருக்கு 36 கன அடியோடு நிறுத்திக்கொண்டது. 1906இல் பிரிட்டிஷ் மாலுமியின் இடம் 120 கன அடியாக உயர்ந்தபோது லஸ்கர் அந்த உயர்விலிருந்து விலக்கப்பட்டார். ஒரே கப்பல், ஒரே பதிவேடு, ஒரே கொடி. படுக்கும் இடம் மட்டும் பிறந்த ஊரைப் பொறுத்து அமைந்தது. அந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம், கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் தெரியாத வெளிநாட்டு மாலுமிகளைத் தடுத்தது. ஆனால் லஸ்கர்களுக்கு அதில் விலக்கு. இதைப் பரிவு என்று எண்ண வேண்டாம். அவர்களைத் தடுத்தால் இந்தியாவுக்கு ஓடும் பெருநிறுவனங்களின் செலவுக் கணக்கு தலைகீழாகியிருக்கும்.

ஆற்றில் நிலைமை வேறு. உள்நாட்டு நீராவிப் படகுகளுக்கான 1917ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், முதல் வகுப்புத் தலைவர், இரண்டாம் வகுப்புத் தலைவர் ஆகியோருக்கு அடுத்து சாரங்குக்கும் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் வழங்கியது. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் சான்றிதழ் பெற்ற சாரங்கே படகின் தலைவராக நிற்கலாம். உங்கள் வீட்டில் பழைய தாள் ஏதேனும் இருந்தால், அது கடல் பணி விடுவிப்புச் சீட்டா, ஆற்றுப் படகுத் தகுதிச் சான்றிதழா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வாழ்க்கையைச் சொல்பவை.

கேள்வி: இந்தியர்கள் அதிகாரிகளாகத் தொடங்கியது எப்போது? (மதுரை வாசகர்)

முறையான வழி 1927இல் திறந்தது. இந்திய வணிகக் கடற்படைக் குழு 1924இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைப்படி, படைவீரர்களை ஏற்றிச் சென்ற டஃபரின் என்ற பழைய கப்பலைப் பம்பாயில் நிறுத்திப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். அதில் மூன்றாண்டு படித்து வெளிவந்தவர்களுக்கும் முதலில் தட்டுப்பாடாயிருந்தது கடல் பணிதான். பிரிட்டிஷ் நிறுவனங்கள் தயங்கின. 1919இல் லாயல்டி கப்பலைப் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பித் தொடங்கிய இந்தியக் கப்பல் நிறுவனமான சிந்தியா அங்கே பெரிய துணையாக இருந்தது. டஃபரினின் இடத்தை 1972இல் இராஜேந்திரா என்ற கப்பல் பெற்றது.

கேள்வி: விடுதலை பெற்ற உடனே பதிவேடும் நம்முடையதாகிவிட்டதா? (திருச்சி வாசகர்)

இல்லை. 1949இல் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் பம்பாயில் அமைந்தது. ஆனால் கப்பல்களின் பதிவு பிரிட்டனின் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இந்தியாவின் 1841ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தையும் நம்பியே இருந்தது. 1923ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டம் எத்தனையோ பொருள்களைத் தொகுத்தும், பதிவைத் தொடவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டமே இந்தியக் கப்பல் என்ற தகுதியை வரையறுத்து, பழைய சட்டங்களை நீக்கியது. 64 பங்கு என்ற கணக்கையும் விட்டுப் பத்துப் பங்காக்கியது.

கேள்வி: காலனிப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றனவா? இந்தியச் சான்றிதழ் உள்ள என் மகன் அவற்றில் பதிவான கப்பலில் சேர முடியுமா? (சிங்கப்பூர் வாசகர்)

இருக்கின்றன. பெர்முடா, கேமன் தீவுகள், ஜிப்ரால்ட்டர் போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் சொந்தப் பதிவேடுகளை நடத்துகின்றன. அவற்றின் கப்பல்கள் இன்றும் சிவப்புக் கொடி மரபைச் சேர்ந்த பிரிட்டிஷ் கப்பல்களே. சிறிய பகுதிகள் சிலவற்றின் பதிவேடுகளுக்குக் கப்பலின் அளவில் வரம்பு உண்டு. ஹாங்காங் வேறு பாதையில் சென்றது. 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன்பே, 1990 டிசம்பரில், பிரிட்டிஷ் பதிவேட்டிலிருந்து பிரிந்து தனக்கென்று தன்னாட்சிப் பதிவேட்டைத் தொடங்கியது. இன்று அது உலகின் மிகப் பெரிய பதிவேடுகளுள் ஒன்று.

சான்றிதழைப் பொறுத்தவரை, மாலுமிகளின் பயிற்சி பற்றிய 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையே இப்போது அடிப்படை. ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாட்டின் பதிவேடு ஏற்று, அதற்கு மேலொப்பமோ உரிமமோ தரும். இந்தியத் தகுதிச் சான்றிதழைப் பல பதிவேடுகள் அவ்வாறு ஏற்கின்றன. ஹாங்காங் கப்பல்களில் இந்திய அதிகாரிகள் பலர் அந்த உரிமத்துடன் பணிபுரிகிறார்கள். உங்கள் மகன் வேலைக் கடிதத்தில் கையொப்பமிடும் முன், கப்பல் எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது, அந்தப் பதிவேட்டின் மேலொப்பத்துக்கு விண்ணப்பிப்பது நிறுவனமா தாமா, அதற்கான கட்டணம் யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.